பழைய ஜீப்பைத் திட்டாதீங்க, பிரேக்கைப் பாருங்க

கம்பத்திலோ கூடலூரிலோ விடியக்காலை அஞ்சரை மணிக்கு ரோட்டுக்கு வந்து பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதுசில்லை. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குச்சட்டியோடு பெண்கள் கும்பலாக நிற்பார்கள். ஒரு ஜீப் வந்து நிற்கும். பெரும்பாலும் அந்த ஜீப்புக்கும் அதில் ஏறுகிற கல்யாணமாகாத பொண்ணுக்கும் ஒரே வயசாக இருக்கும். மேட்டுக்கு, அதாவது இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற வண்டி அது.

"ஏந்தம்பி, பிரேக்கு கீக்கெல்லாம் பார்த்தியா?"

"ஏறுங்கக்கா. நேத்துப் பிடிச்ச பிரேக்கு இன்னைக்குப் பிடிக்காமப் போயிருமா?"

எல்லாரும் சிரிப்பார்கள். வண்டி கிளம்பிவிடும். போடியில் இருந்து போடிமெட்டு வழியாக, கம்பத்தில் இருந்து கம்பம்மெட்டு வழியாக, கூடலூரில் இருந்து லோயர் கேம்ப், குமுளி வழியாக என்று தினமும் இதே கதைதான். வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, பூப்பாறை... அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் காய் எடுப்பதற்கான ஆள் பலமும், அதைச் சுமந்து போகிற ஜீப்பும் இந்தப் பள்ளத்தாக்கில் இருந்துதான் போகின்றன.

மழையோ பனியோ வந்து ஒரு வண்டி கவிழ்ந்ததும் இரண்டு கோஷ்டி கிளம்பும். ஒன்று, "இந்த ஓட்டை ஜீப்பை எல்லாம் பிடிச்சு எடைக்குப் போடணும்" கோஷ்டி. இன்னொன்று, "ஏழைபாழைங்க பொழப்புல மண்ணைப் போடாதீங்க, வண்டி நல்லாத்தானே ஓடுது" கோஷ்டி. ரெண்டு பேர் சொல்வதும் தப்பு. ரெண்டு பேருமே வண்டியின் வயசைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள். வண்டியில் எங்கே காசு செலவாகிறது, எங்கே செலவாகவில்லை என்பதை யாரும் கேட்பதில்லை.

ஐப்பசிக்கு முன்னாடி பட்டறையில் நடப்பது

பனிக்காலம் என்றால் இந்த ஊரில் பனிக்கட்டி கொட்டாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மார்கழி, தையில் மெட்டில் மூடுபனி. சாலையில் சேறு, பாறைத்துண்டு, உதிர்ந்த இலை. இந்த நாலு மாசத்தை ஓட்டிக் கழிக்கத்தான் ஜீப்பைப் பட்டறையில் விடுவார்கள்.

என்ன வேலை நடக்கும்? முதலில் இன்ஜின். நாசில், பம்பு பார்ப்பார்கள். காலையில் குளிரில் ஸ்டார்ட் ஆகவேண்டும் என்பதால் பேட்டரியும் ஹீட்டர் பிளக்கும் பார்ப்பார்கள். அடுத்து பட்டை. பின்பக்கம் பட்டைக்கட்டில் ஒரு பிளேட் கூடுதலாகப் போட்டால் வண்டி தாழாது, இன்னும் நாலு பேர் உட்காரலாம். பிறகு தகரத்தில் துரு தின்ற இடத்துக்குப் பத்து வைத்து வெல்டிங். புதுத் தார்ப்பாய், பெயின்ட், முன் கண்ணாடியில் சாமி பெயர், ஒரு ஹாரன். ஜம்முனு ஆயிடும்.

பிரேக்? "பிடிக்குதுல்ல, அப்புறம் பார்த்துக்கலாம்." டயர்? "இந்த மழைக்குத் தாங்கும்." வைப்பர்? "ஓட்டுறவன் பக்கம் ஓடுதுல்ல." ஹெட்லைட்? "பகல்லதானே போறோம்."

இதை டிரைவரின் அலட்சியம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. இதற்குப் பின்னால் ரொம்ப எளிமையான வியாபாரப் புத்தி இருக்கிறது. இன்ஜின் மக்கர் பண்ணினால் அன்றைக்கே வருமானம் போய்விடும். ஜீப் மேட்டில் ஏறாது, ஆள் போகாது, காசு வராது. பட்டை ஒடிந்தாலும் அப்படித்தான். ஆனால் பிரேக் லைனிங் தேய்ந்து பாதியானால் அன்றைக்கு ஒரு ரூபாய் நஷ்டம் கிடையாது. மறுநாளும் கிடையாது. அந்த நஷ்டம் மொத்தமாக ஒரே ஒரு நாள் வரும். வரும்போது அதைக் கட்டப்போவது வண்டிக்காரர் மட்டும் இல்லை, பின்னாடி உட்கார்ந்திருப்பவர்கள்.

ஆக, சம்பாதித்துக் கொடுக்கிற உறுப்புக்கு வைத்தியம், உயிரைக் காப்பாற்றுகிற உறுப்புக்கு ஒத்திவைப்பு. இதுதான் இந்த மலையின் உண்மையான பழுது.

ஏறும்போது இன்ஜின், இறங்கும்போது பிரேக்

காலையில் ஏறும்போது வண்டியில் பாரம் இருக்கிறது, ஆனால் வெளிச்சம் வந்துகொண்டிருக்கிறது, வேகம் தானாகவே குறைவு. சாயங்காலம்தான் சோதனை. அதே பாரம், அதே ஜீப், ஆனால் இறக்கம். மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் பிடிக்கும். மெட்டில் மூட்டம் இறங்கியிருக்கும். டிரைவருக்கும் களைப்பு, உட்கார்ந்திருப்பவர்களுக்கும் களைப்பு.

பள்ளிக்கூடப் பௌதிகத்தை வைத்து ஒரு கணக்கு. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மெட்டில் இருந்து போடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயரம் இறங்க வேண்டும். ஆளோடு சேர்த்து 2 டன் எடையுள்ள ஜீப் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியாகிற ஆற்றல், சுமார் 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அந்தச் சூட்டை இன்ஜின் பாதியாவது தாங்க வேண்டும். அதனால்தான் எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் மொத்தச் சூடும் நாலு பிரேக் டிரம்முக்குள்தான் போகும். இன்ஜினையே ஆஃப் பண்ணினால், பூஸ்டர் இருக்கிற வண்டியில் அந்த உதவியும் இரண்டு மிதியில் போய்விடும்.

சூடானால் என்ன ஆகும்? டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகும், பெடல் கீழே இறங்கும். பிரேக் ஆயிலுக்கு இன்னொரு குணம் உண்டு. அது காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். டாட் 3 ரக ஆயில் புதுசாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்கும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரி வரை இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. கால் தரை வரை போகும், வண்டி நிற்காது. வருஷக்கணக்காக ஆயில் மாற்றாத ஜீப் காலையில் "பிடிச்சதும்", சாயங்காலம் ஒன்பதாவது வளைவில் "பிடிக்காததும்" இப்படித்தான். நேற்றுப் பிடித்த பிரேக் இன்றைக்குப் பிடிக்காமல் போகும். அக்கா கேட்டது சரியான கேள்வி. தம்பி சொன்ன பதில்தான் தப்பு.

இன்னொன்று. பழைய ஜீப்புகள் பலவற்றில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்றுதான். ஏதாவது ஒரு வீல் சிலிண்டரில் ரப்பர் கப்பு கிழிந்து ஆயில் கசிந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. பின்னால் வந்த வண்டிகளில் இரட்டைச் சுற்று உண்டு, ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கும். பழைய வண்டியில் உண்மையிலேயே பயப்பட வேண்டிய விஷயம் இதுதான். இதற்கும் மருந்து பட்டறையிலேயே இருக்கிறது. இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் மாற்றலாம், கப்பு மாற்றலாம், ஆயில் மாற்றலாம். எடைக்குப் போட வேண்டிய அவசியம் இல்லை.

சர்க்கார் என்ன கேட்கிறது?

வயசைக் கேட்கிறது. 15 வருஷம் தாண்டிய காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய காருக்கு அது 10,000 ரூபாய். 2021-இல் பழைய வாகனக் கழிப்புக் கொள்கையும் வந்தது. நோக்கம் நல்லதுதான், புகை குறையட்டும். ஆனால் இந்தக் கட்டணத்தைக் கட்டியவுடன் ஜீப்பின் பிரேக் ஒரு சுற்றுகூட நன்றாகப் பிடிக்கப் போவதில்லை. அந்தப் பத்தாயிரத்தைப் பட்டறையில் கொடுத்திருந்தால் பிரேக் வேலையில் பெரும்பகுதி முடிந்திருக்கும்.

இதைவிடப் பெரிய கூத்து வேறு. வாடகைக்கு ஓடுகிற டி போர்டு வண்டிக்கு முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்க வேண்டும். சொந்த உபயோக ஓன் போர்டு வண்டிக்கோ முதல் 15 வருஷம் ஒன்றும் கிடையாது, அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும். இப்போது ஓன் போர்டு ஜீப் ஒன்று தினமும் ஆள் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போய் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையில் அதிகமாக உழைக்கிற வண்டி அது. அதன் பிரேக்கை சர்க்கார் பார்ப்பது அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை!

வெளியூரில் எப்படி? கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2008 முதல் குளிர்காலத்தில் குளிர்கால டயர் போடுவது கட்டாயம். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. அங்கேயும் பனிக்காலத்துக்கு என்று சல்லிசாகப் பழைய காரை வாங்கித் தட்டிக்கொட்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏனென்றால் ரோட்டில் கொட்டுகிற உப்பு நல்ல காரை அரித்துவிடும். சட்டம் அவர்களிடம் காரின் வயசைக் கேட்கவில்லை. டயரைக் காட்டு என்கிறது. பருவத்துக்கு ஏற்ற கேள்வி அது. தேனி மாவட்டத்தில் அப்படிப் பருவத்துக்கு என்று ஒரு கேள்வி உண்டா?

கொஞ்சம் கணக்கு

வருமான வரிக் கணக்கில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. குறைந்துசெல் மதிப்பு முறையில் சாதாரணக் காருக்கு வருஷம் 15 சதவீதம். 3 லட்ச ரூபாய் ஜீப் 20 வருஷத்தில் புத்தகத்தில் சுமார் 11,600 ரூபாயாக இளைத்துவிடும். அதே ஜீப் வாடகைத் தொழிலில் ஓடினால் தேய்மானம் 30 சதவீதம். 20 வருஷம் கழித்து அதன் மதிப்பு சுமார் 240 ரூபாய். ஒரே இரும்பு, ஒரே இன்ஜின். வாடகைக்கு ஓடினால் சீக்கிரம் தேயும் என்று வரிச் சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது.

அடுத்த கணக்கு, பிரேக் வேலைக்கு "கட்டுப்படியாகாது" என்கிறார்களே, அது. பேச்சுக்கு, பிரேக் முழு வேலை, நாலு டயர், லைட், வைப்பர் எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்தில் 250 நாள் ஓட்டம், வண்டிக்குப் பத்துப் பேர். 40,000-ஐ 2,500-ஆல் வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 ரூபாய். ஒரு டீயும் வடையும். டயர் ஒரு வருஷத்துக்கு மேல் வரும் என்பதால் நிஜத்தில் இன்னும் குறையும். ஏலக்காய் விற்கிற விலைக்கு இது கட்டுப்படியாகாதா?

கட்டுப்படியாகிற இன்னொரு சங்கதி இருக்கிறது, அபராதம். 2019 திருத்தச் சட்டப்படி கூடுதலாக ஏற்றுகிற ஆளுக்குத் தலைக்கு 200 ரூபாய். அஞ்சு பேர் அதிகம் என்றால் ஆயிரம். எப்போதாவது ஒரு நாள் பிடிபட்டால் ஆயிரம், பிடிபடாத நாளெல்லாம் இன்னொரு ஜீப்பின் செலவு மிச்சம். கணக்குத் தெரிந்த யாரும் அபராதத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அதிகப்படி ஆட்களை இறக்கி மாற்று வண்டி ஏற்பாடு செய்யும்வரை வாடகை வண்டி நகரக்கூடாது என்றும் அதே பிரிவில் இருக்கிறது. அதைச் செய்தால் ஒரே வாரத்தில் கணக்கு மாறிவிடும். ரசீது கிழிப்பது சுலபம், வண்டியை நிறுத்துவது கஷ்டம். சுலபமானதுதான் நடக்கிறது.

கவிழ்ந்த பிறகு யார் பொறுப்பு?

2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டில், தலப்புழா பக்கம் கண்ணோத்துமலையில், தேயிலைத் தோட்ட வேலை முடித்துத் திரும்பியவர்களின் ஜீப் பள்ளத்தில் விழுந்தது. 9 பேர் செத்துப்போனார்கள். ஒன்பது பேரும் பெண்கள். மலை வேறு, ஊர் வேறு. ஆனால் அதே மாதிரி ஜீப், அதே சாயங்கால நேரத்து வீடு திரும்பல்.

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்த ஓன் போர்டு வண்டியில் போகிறவர் அந்தப் பாலிசிக்குள் வரமாட்டார். 2006-இல் திலக் சிங் வழக்கில் டூவீலரில் பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. அதோடு காசு வாங்கி ஏற்றினால் பாலிசி நிபந்தனையும் மீறப்படுகிறது. கம்பெனி கையை விரிக்கும். ஜீப்காரரிடம் போய்க் கேட்டால் அவரிடம் இருப்பது புத்தக மதிப்பு 240 ரூபாய் உள்ள ஒரு நொறுங்கிய ஜீப்.

மிச்சம் இருப்பது தோட்ட முதலாளி. "வேலைக்கு வர்றவங்க எப்படி வர்றாங்கன்னு எங்களுக்குத் தெரியாது, அது கங்காணி பாடு" என்பது பழைய பதில். அந்தப் பதிலுக்கு இனிமேல் பழைய பலம் இல்லை. 2003-இல் வேலைக்குப் போகிற வழியில் செத்துப்போன ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளியின் வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நேரம், இடம், சூழ்நிலை மூன்றையும் வைத்து வேலையோடு தொடர்பு காட்டினால், வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் நடக்கிற விபத்தும் வேலையால் நேர்ந்த விபத்துதான் என்றது. விடியக்காலை ஜீப்பில் ஏறி நேராகத் தோட்டத்தில் இறங்குகிற பெண்ணுக்கு இதைவிடத் தெளிவான தொடர்பு என்ன வேண்டும்?

சுற்றுலாப் பயணிக்கு ஒரு நியாயம்

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. போவதோ கேரளத்துச் சூரியநெல்லியில் இருந்து, ஜீப்பில் மட்டும். சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்களை ஏற்றுகிற அந்த ஜீப்புகளும் பெரும்பாலும் பழசுதான். ஆனால் வண்டிக்கு ஆறு பேர் என்று கட்டுப்பாடு. 2025 ஜூலையில் மூணாறு பக்கம் ஒரு ஜீப் விபத்து நடந்ததும் இடுக்கி மாவட்ட நிர்வாகம் சுற்றுலா ஜீப் சவாரியையே நிறுத்தி வைத்தது. வண்டியையும் டிரைவரையும் சோதித்த பிறகே மறுபடி ஓடலாம் என்றது. செய்ய வேண்டியதுதான், தப்பே இல்லை.

ஆனால் பாருங்கள், அதே ரக ஜீப், அதே மலை. போட்டோ எடுக்கப் போகிறவருக்கு ஆறு பேர் கணக்கு. காய் எடுக்கப் போகிற பெண்ணுக்கு "கொஞ்சம் தள்ளி உட்காருங்கக்கா" கணக்கு. சோதனை பண்ணத் தெரியும், ஆள் எண்ணத் தெரியும், நிறுத்தவும் தெரியும் என்று நிரூபித்தாகிவிட்டது. அப்புறம் என்ன தயக்கம்?

சபரிமலை சீசனில் தயக்கத்துக்கு இடமே இல்லை. கார்த்திகை பிறந்தால் கூட்டத்தைச் சமாளிக்க ஐயப்ப பக்தர்களின் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக அனுப்பி, குமுளி வழியாகத் திருப்புவது வழக்கம். அதாவது மழையும் மூட்டமும் உச்சத்தில் இருக்கும்போது, இந்த மலையை அறியாத வெளியூர் வண்டிகளும் தோட்டத்து ஜீப்புகளும் ஒரே வளைவில் சந்திக்கின்றன. 2022 டிசம்பரில் குமுளி மலைச்சாலையில் ஆண்டிபட்டிப் பகுதி பக்தர்கள் வந்த வண்டி பள்ளத்தில் விழுந்து 8 பேர் இறந்ததை இந்த மாவட்டம் இன்னும் மறக்கவில்லை.

என்னதான் செய்யலாம்?

"ஜீப்பை ஒழித்தால் அந்தப் பெண்கள் எதில் போவார்கள்?" நியாயமான கேள்வி. பல தோட்டத்துக்கு பஸ் போகாது. மண் ரோட்டில் புதுக்கார் நாலு நாள் தாங்காது. புது வண்டி வாங்கச் சொன்னால் ஜீப்காரர் கடனில் விழுவார். ஆகவே பழைய ஜீப் இருக்கட்டும். ஆனால் இப்படி இருக்கட்டும்:

1. வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன்னாடி மேட்டு ஜீப்புக்குத் தனிச் சோதனை. பிரேக், டயர், லைட், வைப்பர், ஸ்டியரிங் மட்டும். கம்பத்திலும் போடியிலும் ஒரு மைதானத்தில் மூன்று நாள் முகாம் போட்டால் போதும். வயசைக் கேட்காதீர்கள்.

2. ஓன் போர்டு ஜீப்களை விரட்டாமல், மேக்ஸிகேப் பெர்மிட்டுக்கு மாற வழி காட்டுங்கள். வருஷா வருஷம் எஃப்.சி., ஏறுகிறவர்களுக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் என்று எல்லாம் தன்னால் வரும்.

3. பிரேக், டயர் செலவைத் தோட்டம் ஏற்கட்டும். ஆளுக்கு 16 ரூபாய். வண்டி வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று பேசாமல் நடைக்கு இவ்வளவு என்று பேசினாலே பாதித் திணிப்பு குறையும்.

4. கூடுதல் ஆளை இறக்கிவிட்டு வண்டியை நிறுத்துகிற விதியை ஒரு சீசன் முழுக்க நிஜமாக அமல்படுத்துங்கள். காலையில் அடிவாரத்திலேயே செய்யுங்கள், சாயங்காலம் மெட்டில் இறக்கிவிட்டுக் குளிரில் நிற்க வைக்காதீர்கள்.

இந்தப் பள்ளத்தாக்கின் மெக்கானிக்குகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. கம்பெனியே மறந்துபோன இன்ஜினை இன்றைக்கும் ஓட வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருபத்தஞ்சு வருஷ ஜீப்பை ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு மலை ஏற வைக்கத் தெரிந்த கைக்கு, அதே ஜீப்பை இறக்கத்தில் நிற்க வைக்கவும் தெரியும். அந்த வேலையைச் சொல்லவும், அதற்குக் காசு கொடுக்கவும்தான் ஆள் இல்லை.

நாளைக்கு விடியக்காலையும் ஒரு அக்கா கேட்கும், "ஏந்தம்பி, பிரேக்கு பார்த்தியா?" என்று. "பார்த்தாச்சுக்கா, போன வாரம்தான் ஆயிலும் கப்பும் மாத்தினேன்" என்று ஒரு தம்பி சொல்ல வேண்டும். அம்புட்டுத்தான் கோரிக்கை.